பழைய ஆம்பா, புதிய ஆம்பா? கொடைக்கானல் மலையை முன்வைத்து ஒரு மறுபரிசீலனை

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களிடையே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீராமல் கிடக்கும் வழக்கு ஒன்று உண்டு. 1950களிலும் 60களிலும் செய்யப்பட்ட வால்வு ஆம்ப்களின் ஒலியை அதன் பின் வந்த எதுவும் எட்டவில்லை என்கிறது ஒரு தரப்பு. அது பழமையின் மீதான பற்று மட்டுமே, இன்றைய கருவிகள் அதே ஒலியைக் குறைந்த எடையிலும் குறைந்த செலவிலும் தருகின்றன என்கிறது இன்னொரு தரப்பு. இவற்றுக்கு இடையில் டிரான்சிஸ்டர் ஆம்பை நம்புவோர், பழைய மின்சுற்றைப் புதிய பாகங்களால் செய்துகொள்வோர், எந்தப் பக்கமும் சாயாமல் கையில் கிடைத்ததை வாசிப்போர் எனப் பலர் இருக்கிறார்கள்.

இந்த வழக்கில் சொல்லப்பட்ட விடைகள் பெரும்பாலும் அமெரிக்க, ஆங்கிலேய நகரங்களின் சூழலை இயல்பாக எடுத்துக்கொண்டு பிறந்தவை. அங்கே மின்சாரம் சீராக வரும், பழுது பார்ப்பவர் அருகில் இருப்பார், வால்வு கடையில் கிடைக்கும். பழநி மலைத்தொடரின் மேல், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலின் நிலை வேறு. அமெரிக்க மிஷனரிகள் 1901இல் தொடங்கிய பள்ளியும் தேவாலயங்களும் மேற்கத்திய இசையை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே வளர்த்து வந்திருக்கின்றன. கிட்டார் கற்கும் பிள்ளைகளுக்கு இந்த மலையில் குறைவில்லை. அவர்களுக்கு அந்த விடைகள் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதற்கு முன் முதன்மையான நிலைப்பாடுகளையும், அவை பிறந்த இடத்தையும், அவற்றின் பலவீனங்களையும் வரிசையாகப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வியின் வேர்

லியோ ஃபெண்டர் 1946இல் கலிஃபோர்னியாவில் தம் பெயரில் நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஆம்ப் என்பது கிட்டாரின் சத்தத்தைக் கூட்டும் பெட்டி, அவ்வளவுதான். ஒலி சிதையாமல் வரவேண்டும் என்பதே வடிவமைத்தவர்களின் குறிக்கோள். டிஸ்டார்ஷன் எனப்படும் ஒலித்திரிபு ஒரு குறையாகவே கருதப்பட்டது. மேடையில் டிரம்ஸுக்கு மேலே கேட்க வேண்டிய கட்டாயத்தில் வாசிப்பவர்கள் வால்யூமைக் கடைசி வரை திருகினார்கள். வால்வுகள் தாங்கும் எல்லையைத் தாண்டியதும் ஒலி தடித்து, கரகரத்து, நீண்டு நின்றது. குறையாக இருந்தது மெல்ல மெல்லக் குணமானது.

லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் ஜேடிஎம்45 என்ற ஆம்பைச் செய்தார். அதன் மின்சுற்று ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்பிலிருந்து ஏறக்குறைய அப்படியே எடுக்கப்பட்டது. பேஸ்மேன் பேஸ் கிட்டாருக்காகச் செய்யப்பட்டது. ஆறு கம்பிக் கிட்டார்காரர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கப் பாகங்களுக்குப் பதிலாக, இங்கிலாந்தில் எளிதாகக் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மர், வால்வு, செலெஸ்டியன் ஸ்பீக்கர் ஆகியவற்றை மார்ஷல் பயன்படுத்தினார். அந்த மாற்றங்களாலேயே அதன் குரல் பேஸ்மேனிலிருந்து விலகி, ராக் இசையின் குரலாகவே ஆகிவிட்டது.

பின்னர் வரும் வாதங்களை எடைபோட இந்த வரலாறு தேவை. இன்று உரைகல்லாகக் கொள்ளப்படும் ஒலிகளில் பல யாரும் திட்டமிட்டு உருவாக்கியவை அல்ல. உள்ளூரில் கிடைத்த பாகங்களும், வடிவமைத்தவர் நினையாத முறையில் வாசித்தவர்களும் சேர்ந்து அவற்றை விளைவித்தார்கள்.

முதல் நிலைப்பாடு: பழையதே சிறந்தது

இந்த நம்பிக்கைக்கு ஒரு தொடக்க ஆண்டைச் சொல்லலாம். 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் வாங்கியது. அதன் பின் உற்பத்தி பெருகியது. சில மின்சுற்றுகள் மாற்றப்பட்டன. வேலைப்பாடு தளர்ந்தது என்ற மனக்குறை வாசிப்பவர்களிடம் எழுந்தது. 1970களில் முந்தைய காலத்து ஆம்ப்களைத் தேடிப் பிடிக்கும் வழக்கம் வேரூன்றியது.

வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பழைய சிறிய ஆம்ப்களில் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் வேலையையும் 5ஒய்3 போன்ற ஒரு ரெக்டிஃபையர் வால்வே செய்தது. கம்பிகளை ஓங்கி மீட்டும்போது வெளியீட்டு வால்வுகள் திடீரென அதிக மின்னோட்டத்தை இழுக்கும். ரெக்டிஃபையர் வால்வால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் மின்னழுத்தம் கண நேரம் தாழும். ஸ்வரத்தின் முதல் அடி அமுங்கி, பிறகு ஒலி மெல்ல எழும்பி நிற்கும். மெதுவாக மீட்டினால் இது நடப்பதில்லை. விரலின் அழுத்தத்துக்கு ஆம்ப் மறுமொழி சொல்கிறது என்று வாசிப்பவர்கள் சொல்வதன் ஒரு பகுதி இதுதான். அளவுமானியில் பார்த்து உறுதி செய்யக்கூடியது.

பலவீனங்கள் மூன்று. முதலாவது, இன்று நம்மிடம் இருக்கும் பழைய ஆம்ப்கள் காலம் சலித்தெடுத்தவை. மோசமாக ஒலித்தவை கழித்துக் கட்டப்பட்டிருக்கலாம், நல்லவை பேணப்பட்டிருக்கலாம். எஞ்சியவற்றை வைத்து அந்தக் காலத்து ஆம்ப்கள் அனைத்தையும் எடைபோட முடியாது. இரண்டாவது, அறுபது வயதான ஆம்ப் அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒலித்தபடி இன்று ஒலிக்க வாய்ப்புக் குறைவு. கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு விலகியிருக்கும். எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் உலர்ந்து மாற்றப்பட்டிருக்கும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு தளர்ந்திருக்கும். ஒரே ஆண்டில், ஒரே மாடலாகச் செய்யப்பட்ட இரண்டு ஆம்ப்கள் இன்று வெவ்வேறாக ஒலிக்கக்கூடும். அவற்றுள் எது ‘அந்தக் காலத்து ஒலி’ என்பதற்கு விடை இல்லை.

மூன்றாவது, எதிர்பார்ப்பின் பாதிப்பு. வயலின் உலகில் இது முறையாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. கிளாடியா ஃபிரிட்ஸும் ஜோசஃப் கர்ட்டினும் குழுவினரும் 2010இல் இண்டியானாபொலிஸில் நடத்திய சோதனையிலும், பின்னர் பாரிஸில் பத்துத் தனிக் கலைஞர்களை வைத்து நடத்திய சோதனையிலும், எது ஸ்ட்ராடிவேரியஸ், எது புது வயலின் என்று தெரியாதபடி வாசிக்கவைத்தார்கள். தேர்ந்த கலைஞர்களால் பழையதைப் புதியதிலிருந்து நம்பத்தக்க வகையில் பிரித்தறிய முடியவில்லை. பெரும்பாலோர் விரும்பியதும் புதியவற்றையே. வயலினுக்குப் பொருந்தியது ஆம்புக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெட்டியின் வயதைத் தெரிந்துகொண்டு கேட்கும் காதை முழுமையாக நம்பக்கூடாது என்ற எச்சரிக்கை இரண்டுக்கும் பொது.

இரண்டாம் நிலைப்பாடு: டிரான்சிஸ்டரே போதும்

டிரான்சிஸ்டர் வந்தபோது எல்லா நன்மையும் அதன் பக்கமே இருப்பதாகத் தோன்றியது. எடை குறைவு, சூடு குறைவு, தேய்ந்து மாற்றவேண்டிய வால்வு இல்லை. ஃபெண்டர் 1966இல் டிரான்சிஸ்டர் ஆம்ப் வரிசை ஒன்றை வெளியிட்டது. அவை அடிக்கடி பழுதாயின. உச்சத்தில் வாசித்தால் ஒலி வறண்டு கிழிந்தது. சில ஆண்டுகளில் அந்த வரிசை கைவிடப்பட்டது. டிரான்சிஸ்டருக்கு அன்று ஏற்பட்ட கெட்ட பெயர் இன்றும் முழுமையாக நீங்கவில்லை.

அந்தப் பெயருக்கு அறிவியல் ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது ரஸ்ஸல் ஹாம் 1973இல் ஆடியோ பொறியியல் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரை. அளவுக்கு மீறி முடுக்கும்போது வால்வில் இரட்டைப்படை மேற்சுரங்களும், டிரான்சிஸ்டரில் ஒற்றைப்படை மேற்சுரங்களும் ஓங்குகின்றன. முன்னது காதுக்கு இனியது, பின்னது உறுத்துவது என்று அந்த வாதம் சுருக்கிச் சொல்லப்படுகிறது. இச்சுருக்கத்தை ஏற்பதில் தயக்கம் தேவை. ஹாம் ஆராய்ந்தவை ஒலிப்பதிவுக் கூடத்து மைக் முன்பெருக்கிகள். பெரிய கிட்டார் ஆம்ப்களின் வெளியீட்டுப் பகுதியோ வால்வுகளை எதிரெதிர் இணையாக இயக்குவது. அந்த அமைப்பு இரட்டைப்படை மேற்சுரங்களைப் பெரிதும் ஒன்றையொன்று அழித்துவிடும். அப்படியிருந்தும் அவற்றின் திரிபு இனிமையாகவே கேட்கிறது. எனவே ‘வால்வு என்றால் இரட்டைப்படை’ என்ற சூத்திரம் எல்லாவற்றையும் விளக்குவதாகக் கொள்ள முடியாது.

வேறுபாட்டுக்கு இன்னொரு காரணம் அதிகம் பேசப்படாதது. வால்வு ஆம்ப் ஸ்பீக்கரை இறுக்கிப் பிடிப்பதில்லை. ஸ்பீக்கரின் இயல்பான அதிர்வெண்களில் ஒலி சற்றுப் புடைக்க அது இடம் கொடுக்கிறது. வழக்கமான டிரான்சிஸ்டர் ஆம்ப் ஸ்பீக்கரைக் கட்டுக்குள் வைத்து அந்தப் புடைப்பை மட்டப்படுத்திவிடும். இதை உணர்ந்த பிற்கால வடிவமைப்பாளர்கள், டிரான்சிஸ்டர் ஆம்பும் ஸ்பீக்கரை அதே தளர்வோடு இயக்கும்படி பின்னூட்டத்தை மாற்றி அமைத்தார்கள். வேறுபாடு பெருமளவு குறைந்தது. மறுபுறம், 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120, வால்வைப் போலி செய்ய முயலாமல், பளிங்கு போன்ற தெளிந்த ஒலியையே தன் அடையாளமாக்கிக்கொண்டது; இன்றளவும் அது விற்பனையில் இருக்கிறது. டிரான்சிஸ்டரின் பலம் எங்கே என்பதற்கு அதுவே தக்க சான்று.

மூன்றாம் நிலைப்பாடு: பழைய சுற்று, புதிய உடல்

மின்சுற்றுதான் ஒலியைத் தீர்மானிக்கிறது என்றால், அதே சுற்றைப் புதிய பாகங்களால் மறுபடி செய்தால் போதாதா? மார்ஷலும் ஃபெண்டரும் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் தங்கள் பழைய மாடல்களை மறுபதிப்பாக வெளியிடத் தொடங்கின. கையால் ஈயம் வைத்து ஒவ்வொன்றாகச் செய்யும் சிறு பட்டறைகளும் உலகெங்கும் பெருகின.

இங்கே எழுந்த கிளைச் சச்சரவு, கையால் கம்பி இணைத்த ஆம்ப் உயர்ந்ததா, அச்சுப் பலகையில் செய்தது உயர்ந்ததா என்பது. பாகங்களும் அமைப்பும் ஒன்றாக இருந்தால், ஒலியில் பெரிய வேறுபாடு இருப்பதாகக் காட்டுவது கடினம். வேறுபாடு பழுது பார்க்கும்போது வெளிப்படுகிறது. வால்வு சாக்கெட்டுகளையும் வால்யூம் கண்ட்ரோல்களையும் நேரே அச்சுப் பலகையில் பொருத்திய ஆம்பில், சூடும் அதிர்வும் சேர்ந்து ஈயப் பற்றுகளில் விரிசலை உண்டாக்குகின்றன. கையால் இணைத்த ஆம்பில் ஒரு பாகத்தைக் கழற்றிப் போட ரேடியோ மெக்கானிக் ஒருவருக்குச் சில நிமிடம் போதும்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் விலையும் வால்வும். இப்போது கிட்டார் ஆம்ப் வால்வுகள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தே வருகின்றன. உக்ரைன் போரை ஒட்டி 2022 மார்ச்சில் ரஷ்ய வால்வுகளின் ஏற்றுமதி தடைபட்டதும் உலகெங்கும் தட்டுப்பாடும் விலையேற்றமும் உண்டாயின. ஒரு கருவி முழுவதும் இத்தனை குறுகிய வழங்கலை நம்பியிருப்பது கவலைக்குரியது.

நான்காம் நிலைப்பாடு: நிரலால் ஆன ஆம்ப்

லைன் 6 நிறுவனம் 1996இல் கணினி நிரலால் பல ஆம்ப்களைப் போலி செய்யும் ஆம்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1998இல் அதன் பாட் என்ற சிறு பெட்டி வீட்டு ஒலிப்பதிவாளர்களிடையே பரவியது. பத்தாண்டு கழித்து ஆக்ஸ்-எஃப்எக்ஸ், கெம்பர் போன்றவை மேடைக் கலைஞர்களின் நம்பிக்கையைப் பெற்றன. கெம்பரின் முறை புதியது: உண்மையான ஓர் ஆம்புக்குச் சோதனை ஒலிகளை அனுப்பி, அது தரும் மறுமொழியைப் பதிந்து, அந்த ஆம்பின் ஒலிப்படிமத்தை உருவாக்கிக்கொள்வது. ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தினர் நரம்புவலைப் பின்னல் நிரல்களால் ஆம்பின் நடத்தையை உடனுக்குடன் மறுஉருவாக்கும் முறையை 2020இல் வெளியிட்டார்கள். இன்று நியூரல் ஆம்ப் மாடலர் என்ற கட்டற்ற மென்பொருளால் அந்த வசதி காசில்லாமலே கிடைக்கிறது.

பதிவு செய்த ஒலியை மட்டும் கேட்டு நல்ல படிமத்தையும் மூல ஆம்பையும் பிரித்தறிவது பெரும்பாலோருக்கு இயலாத அளவுக்கு இடைவெளி சுருங்கிவிட்டது என்பது பொதுவாக ஏற்கப்படும் முடிவு. எடையில் கிடைக்கும் லாபமும் பெரிது. ஃபெண்டரின் வால்வு ட்வின் ரிவெர்ப் மறுபதிப்பு சுமார் 29 கிலோ; அதே உருவத்தில் 2019இல் வந்த நிரல்வழி டோன் மாஸ்டர் ட்வின் சுமார் 15 கிலோ.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களுள் தாமதம் பற்றியது வலுவிழந்துவிட்டது. நிரல் எடுத்துக்கொள்ளும் நேரம் ஓரிரு மில்லி விநாடிகளே. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகும் என்பதால், ஆம்பிலிருந்து ஓரடி இரண்டடி தள்ளி நிற்பதற்கு அது சமம். வலுவுள்ள வாதங்கள் இரண்டு. படிமம் என்பது ஆம்பின் ஒரு நிலையைப் பதிந்த நகல். கண்ட்ரோல்களைத் திருகும்போது மூலம் மாறுகிறபடி நகலும் மாறும் என்ற உத்தரவாதம் இல்லை. அடுத்து, இக்கருவிகளின் ஆயுள். தனிச் சிப்பும் நிறுவனத்தின் மென்பொருளும் சேர்ந்தே அவற்றை இயக்குகின்றன. அந்தச் சிப் கிடைக்காமல் போனாலோ, நிறுவனம் கைவிட்டாலோ, ஊர் மெக்கானிக்கால் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

இந்தியாவில்: கிடைத்ததே தேர்வு

மேலே சொன்ன நான்கும் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர்களின் நிலைப்பாடுகள். இந்தியாவில் நீண்ட காலம் அந்த வசதி இருக்கவில்லை. நுகர்பொருள் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகள் முழுமையாக நீங்கியது 2001 ஏப்ரலில்தான். அதற்கு முன் ஒரு ஃபெண்டரோ மார்ஷலோ வந்தது என்றால் வெளிநாடு போய் வந்தவர் கையோடு வந்திருக்க வேண்டும். சிம்லா பீட் என்ற ராக் இசைப் போட்டிகள் நடந்த 1970ஐ ஒட்டிய ஆண்டுகளின் இசைக்குழுக்கள் உள்நாட்டுக் கருவிகளையும், ரேடியோ மெக்கானிக்குகள் கட்டிக்கொடுத்த ஆம்ப்களையும் வைத்தே பெரிதும் காலம் தள்ளின.

ஆகவே தமிழ்நாட்டில் பழைய வால்வு ஆம்ப் என்றால் பெரும்பாலும் மைக் செட் கடையின் ஆம்ப்தான். தைப்பூசமும் பங்குனி உத்திரமும் பெருங்கூட்டத்தைக் கூட்டும் பழநி வட்டாரத்தில் மைக் செட் தொழிலுக்கு நீண்ட மரபு உண்டு. அகுஜா போன்ற உள்நாட்டு நிறுவனங்களின் ஆம்ப்கள் கோயில் விழா, திருமணம், பொதுக்கூட்டம் என உழைத்தன. வால்வுக்கும் பஞ்சம் இருக்கவில்லை. பெங்களூரின் பெல் நிறுவனம் உள்நாட்டிலேயே அவற்றைத் தயாரித்தது. அந்த உற்பத்தி நின்று பல காலமாகிறது.

மைக் செட் ஆம்பைக் கிட்டார் ஆம்பாக மாற்றும் வழக்கம் வெளிநாடுகளில் உண்டு. டிரான்ஸ்ஃபார்மரும் வால்வுகளும் நல்ல நிலையில் இருந்தால் அடிப்படை தயார். கிட்டார் பிக்கப்புக்கு ஏற்ப உள்ளீட்டை ஏறத்தாழ ஒரு மெகா ஓம் ஆக்க வேண்டும். டோன் பகுதியை மாற்றி அமைக்க வேண்டும். 100 வோல்ட் லைனை விட்டுவிட்டு 8 அல்லது 16 ஓம் வெளியீட்டில் கிட்டார் ஸ்பீக்கரை இணைக்க வேண்டும். மார்ஷலின் கதையை நினைத்துப் பார்த்தால், உள்ளூர்ப் பாகங்களிலிருந்து நமக்கே உரிய ஒரு குரல் பிறக்காது என்று சொல்வதற்கில்லை. பழைய பெட்டியை எடைக்குப் போடுவதற்கு முன் இந்த வாய்ப்பை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலையின் நிபந்தனைகள்

கொடைக்கானலில் இந்தக் கேள்வியின் எடை சற்று இடம் மாறுகிறது. நான்கு காரணங்கள் முக்கியம்.

முதலில் ஈரம். அக்டோபர், நவம்பர் மழையிலும் அதைத் தொடரும் மூடுபனியிலும் துணியும் தோலும் பூஞ்சை பிடிக்கும் ஊர் இது. 1950, 60களின் ஃபெண்டர் ஆம்ப்களில் பாகங்கள் மெழுகு ஊட்டிய கறுப்பு நார்ப்பலகை மேல் பொருத்தப்பட்டிருக்கும். காலப்போக்கில் அந்தப் பலகை ஈரத்தை உறிஞ்சுகிறது. 400 வோல்ட் ஓடும் ஒரு முனையிலிருந்து பக்கத்து முனைக்கு நுண்ணிய கசிவு தொடங்குகிறது. விளைவு: காரணம் தெரியாத கரகரப்பு, நிலைகொள்ளாத பயஸ் (வால்வின் இயக்கநிலையைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம்), வால்யூம் திருகினால் இரைச்சல். எந்தப் பாகத்தை மாற்றினாலும் தீராது, ஏனெனில் பழுது பாகத்தில் இல்லை, பலகையில் இருக்கிறது. பழைய கார்பன் ரெசிஸ்டர்களும் ஈரத்தை வாங்கி மதிப்பு கூடுபவை. வறண்ட கலிஃபோர்னியாவில் அறுபதாண்டு தாங்கிய ஆம்ப் இங்கே அதே நிலையில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது சரியாக இராது. நிரல்வழிக் கருவிகளும் ஈரத்துக்குத் தப்பியவை அல்ல. ஆனால் அவற்றில் உயர் மின்னழுத்தம் இல்லாததால் கசிவின் தொல்லை குறைவு.

இரண்டாவது மின்சாரம். அமெரிக்காவுக்கென்று செய்த பழைய ஆம்ப் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்றது. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60க்கு அளந்து செய்த இரும்புக் கருவில் 50 ஹெர்ட்ஸ் ஓடினால் காந்தப் பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடும், டிரான்ஸ்ஃபார்மர் அதிகம் சூடேறும். சில தாங்கும், சில எரியும். இங்கிலாந்து ஆம்ப்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மின்தடையின்போது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் வால்வு ஆம்பை ஓட்டுவதும் நல்லதல்ல. பழைய அமெரிக்க ஆம்ப்களின் இரண்டு பின் பிளக்கும், மின்கம்பிக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையில் வைத்த கண்டென்சரும் உயிராபத்தானவை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. எர்த் இணைப்போடு மூன்று பின் பிளக் பொருத்தி, அந்தக் கண்டென்சரை நீக்காமல் அத்தகைய ஆம்பை ஆன் செய்யவே கூடாது.

மூன்றாவது உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைவு. மெல்லிய காற்று சூட்டைக் குறைவாகவே அள்ளிச் செல்லும். மலையின் குளிர் அதைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். ஒரே ஸ்பீக்கர் ஒரே விசையில் எழுப்பும் ஒலி கணக்குப்படி ஓரிரு டெசிபல் குறையலாம். காதுக்கு அரிதாகவே தெரியும் அளவு அது. உயரத்தைத் தேர்வுக்கான காரணமாக யாரும் கொள்ள வேண்டியதில்லை.

நான்காவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, அமைதி. செலெஸ்டியன் க்ரீன்பேக் ஸ்பீக்கர் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தொலைவில் 98 டெசிபல் ஒலி எழுப்பும். 30 வாட் ஆம்ப் உச்சத்துக்குப் போனால் கணக்குப்படி அது 113 டெசிபலை நெருங்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த எல்லை பகலில் 55, இரவில் 45 டெசிபல். பழைய பெரிய ஆம்ப் புகழ்பெற்ற அந்த ஒலியைத் தருவது உச்சத்தை எட்டும்போது மட்டுமே. வாகன இரைச்சல் அதிகமில்லாத மலைத் தெருவில், சோலைக் காடுகளும் 2013இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயமும் சூழ்ந்த ஊரில், அந்த உச்சத்துக்கு இடமில்லை. வாட்டைக் குறைத்தும் பெரிய பயன் கிடைப்பதில்லை. சத்தம் பாதியாகிவிட்டது என்று காது உணர, வாட் பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். 50 வாட்டுக்குப் பதில் 5 வாட் ஆம்பும் வீட்டுக்குள் உரக்கவே கேட்கும்.

இவற்றோடு பழுதுபார்ப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வால்வு ஆம்பை நன்கறிந்த மெக்கானிக்கைத் தேடி மதுரைக்கு மலையிறங்கினால் சுமார் 120 கிலோமீட்டர். பாகங்களுக்குச் சென்னை ரிச்சி தெரு. முப்பது கிலோ பெட்டியை பஸ்ஸில் ஏற்றி வளைவு வளைவாகக் கொண்டுபோய்க் கொண்டுவருவது பெட்டிக்கும் நல்லதல்ல, வால்வுக்கும் நல்லதல்ல.

எந்த இசைக்கு?

பொதுவான விவாதம் ப்ளூஸ், ராக் இசையை மட்டுமே அளவுகோலாக வைத்திருக்கிறது. தமிழ்ச் சூழலில் அது போதாது. யு. ஸ்ரீனிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினிலும், ஆர். பிரசன்னா கிட்டாரிலும் கர்நாடக சங்கீதம் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். கமகத்தின் நுண்ணிய அசைவு தெளிவாகக் கேட்க வேண்டிய இசையில், ஆம்ப் உடைந்து கரகரப்பது பெரும்பாலும் தடையே. ஸ்வரம் நீண்டு நிற்க வேண்டும். ஆனால் திரிபு மிகக் கூடாது. இங்கே நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப் வால்வு ஆம்புக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. தேவாலயப் பாடகர் குழுவோடும் பள்ளி அரங்கிலும் வாசிப்பவருக்கும் தெளிந்த ஒலியே முதல் தேவை. திரிபையே மொழியாகக் கொண்ட இசைக்குத்தான் வால்வு பற்றிய கேள்வி முழு வலுவோடு எழுகிறது.

மதிப்பீடு

நான்கு நிலைப்பாடுகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, ‘பழையது’ என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் வெவ்வேறு விஷயங்கள் கலந்து கிடப்பது தெரிகிறது: மின்சுற்று, பாகங்கள், மூப்பால் வந்த மாற்றம், ஸ்பீக்கர், வாசிக்கும் சத்தத்தின் அளவு. இவற்றுள் மூப்பு தன்னளவில் ஒலியை உயர்த்துகிறது என்பதற்கு ஆதாரம் மெலிந்தது. ஸ்பீக்கரும் சத்தத்தின் அளவும் பெரும் வேறுபாட்டை உண்டாக்குபவை, ஆனால் விவாதத்தில் குறைவாகவே பேசப்படுபவை. இரண்டு ஆம்ப்களை ஒப்பிடுகிறவர் ஒரே ஸ்பீக்கரில், ஒரே சத்தத்தில், எது எது என்று தெரியாமல் கேட்டாலே சச்சரவில் பாதி அடங்கிவிடக்கூடும்.

மலையில் வாழ்பவருக்குச் சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். வீட்டில் வாசிக்க, ஹெட்ஃபோனும் குறைந்த சத்தமும் இயல்பாக அமையும் நிரல்வழி ஆம்ப் பொருத்தமானது. அரங்குக்கும் தேவாலயத்துக்கும் டிரான்சிஸ்டர் நம்பகமானது. விரலுக்கும் வால்வுக்கும் இடையிலான அந்த உறவை விரும்புகிறவருக்கு, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கே செய்யப்பட்டு, ஈரம் உறிஞ்சாத பலகையில் கட்டப்பட்ட எளிய புதிய வால்வு ஆம்ப், அறுபதாண்டு மூத்த இறக்குமதியைவிட நல்ல துணை. உண்மையான பழைய ஆம்பை வாங்குவது தவறல்ல. உலர்ந்த அறையும், எர்த் இணைப்பும், நம்பகமான மெக்கானிக்கும் உறுதியான பிறகு வாங்குவதே அந்தக் கருவிக்குச் செய்யும் மரியாதை.

தீராதவையும் உண்டு. கேட்பவருக்குத் தெரியாத வேறுபாடு வாசிப்பவரின் கைக்குத் தெரிகிறதா என்பது அவற்றுள் முதன்மையானது. பதிவு செய்த ஒலியைக் கேட்கவைக்கும் சோதனைகளால் இதற்கு விடை காண முடியாது. வயலின் சோதனைகளைப் போல, வாசிப்பவரையே மையமாக வைத்துச் செய்தால்தான் தெளிவு பிறக்கும். இன்றைய நிரல்வழி ஆம்ப்களில் எத்தனை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பழுதுபார்க்கத் தக்கவையாக இருக்கும் என்பது இரண்டாவது. காலம் மட்டுமே அதைச் சொல்லும். மூன்றாவது நம் கையில் இருக்கிறது. இந்த மலைகளின் ஈரத்துக்கும், நம் மின்சாரத்துக்கும், நம் இசைக்கும் என்றே ஓர் ஆம்ப் இங்கே வடிவமைக்கப்பட முடியுமா? மைக் செட் மரபும் ரேடியோ மெக்கானிக்குகளின் கைத்திறனும் இன்னும் எஞ்சியிருக்கும் காலத்திலேயே முயன்று பார்க்க வேண்டிய கேள்வி இது. பழையதா புதியதா என்ற வழக்கைவிட நமக்கு இதுவே அதிகப் பயன் தரக்கூடியது.